டிஸ்ட்ரோவை மாற்றும் முன்: குறை எந்த அடுக்கில் இருக்கிறது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏறாத கணினிகளை வைத்திருந்தவர்களில் ஒரு பகுதியினர் லினக்ஸுக்கு வந்தார்கள். லினக்ஸ் டிஸ்ட்ரோ எனப்படும் பல வடிவங்களில் கிடைக்கிறது. அவற்றில் எதை நிறுவுவது என்ற முதல் குழப்பம் எப்படியோ தீர்ந்துவிடுகிறது. இரண்டாவது குழப்பம் சில வாரம் கழித்து வருகிறது. வைஃபை ஒருநாள் மக்கர் செய்யும். அல்லது வேறொரு டிஸ்ட்ரோவின் அழகான ஸ்கிரீன்ஷாட் கண்ணில் படும். உடனே பென்டிரைவைத் தேடி எடுத்து, இருப்பதை அழித்துவிட்டு அடுத்ததை நிறுவத் தோன்றும். இப்படித் தாவிக்கொண்டே இருப்பதற்கு டிஸ்ட்ரோ ஹாப்பிங் என்று பெயர்.

கற்றுக்கொள்வதற்காகப் பல டிஸ்ட்ரோக்களைத் தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். அன்றாட வேலை நடக்கும் கணினியில், ஒரு குறை தீரும் என்று நம்பி ஒட்டுமொத்தமாக மாற்றுவதுதான் சிக்கல். பெரும்பாலான குறைகள் டிஸ்ட்ரோவுக்குள் இருக்கும் ஏதோ ஓர் அடுக்கைச் சேர்ந்தவை. அந்த அடுக்கைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றவற்றைத் தொடாமலே சரிசெய்துவிடலாம்.

## டிஸ்ட்ரோ என்பது என்ன?

லினக்ஸ் என்பது கண்டிப்பாகச் சொன்னால் ஒரு கெர்னலின், அதாவது வன்பொருளை இயக்கும் மையநிரலின் பெயர். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். கெர்னலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கடிதம்கூட எழுத முடியாது. குனு திட்டத்தின் அடிப்படைக் கருவிகள், தொடக்கச் சேவைகள், திரைச் சூழல், செயலிகள் எல்லாவற்றையும் திரட்டி, ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று சோதித்து, நிறுவும் நிரலோடு சேர்த்துத் தரும் தொகுப்புதான் டிஸ்ட்ரிபியூஷன். தமிழில் வழங்கல் என்கிறோம், பேச்சில் டிஸ்ட்ரோ.

ஸ்லாக்வேரும் டெபியனும் 1993-ல் தொடங்கின. டெபியனை அடித்தளமாகக் கொண்டு 2004-ல் உபுண்டு வந்தது. உபுண்டுவை அடித்தளமாகக் கொண்டு 2006-ல் லினக்ஸ் மின்ட் வந்தது. மூன்றிலும் மென்பொருள் வரும் பொதியின் வடிவம் டெப், பொதிகளை நிறுவி நீக்கும் பொதி மேலாளர் ஆப்ட். எனவே மின்டிலிருந்து உபுண்டுவுக்கும் உபுண்டுவிலிருந்து டெபியனுக்கும் தாவுகிறவர் ஒரே வீட்டுக்குள் அறை மாறுகிறார், அவ்வளவுதான். ஃபெடோரா, ஆர்ச், ஓபன்சூசே ஆகியவை வேறு குடும்பங்கள்.

எந்தக் குடும்பமானாலும் கணினியை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்கலாம்:

1. கெர்னலும் ஃபர்ம்வேரும். வைஃபை, டச்பேட், ஒலி, சஸ்பெண்ட் எல்லாம் இங்கே. ஃபர்ம்வேர் என்பது வன்பொருளுக்குள் ஏற்றப்படும் சிறு நிரல். கெர்னலில் டிரைவர் இருந்தாலும் ஃபர்ம்வேர் கோப்பு இல்லையென்றால் பல வைஃபை கார்டுகள் உயிர்பெறாது.
2. கிராஃபிக்ஸ் டிரைவர். ஏஎம்டி, இன்டெல் சில்லுகளுக்கு மெசா என்னும் தொகுப்பு. என்விடியாவுக்குப் பெரும்பாலும் அந்நிறுவனமே தரும் டிரைவர்.
3. தொடக்கச் சேவைகள். கணினி எழும்போது மற்ற நிரல்களைத் தொடங்கிவைப்பவை. இன்றைய பிரபல டிஸ்ட்ரோக்களில் பெரும்பாலும் சிஸ்டம்டி.
4. பொதி மேலாளரும் களஞ்சியங்களும் (பொதிகள் இறக்கப்படும் இணையக் கிடங்குகள்). எந்த மென்பொருள், எந்தப் பதிப்பில், எத்தனை நாள் பாதுகாப்புத் திருத்தங்களோடு கிடைக்கும் என்பது இங்கே முடிவாகிறது.
5. டெஸ்க்டாப் சூழல். க்னோம், கேடிஇ பிளாஸ்மா, சினமன், எக்ஸ்எஃப்சிஇ போன்றவை. கூடவே வேலேண்ட் அல்லது எக்ஸ்11 என்னும் திரை அமைப்பு.
6. செயலிகள். உலாவி, அலுவலகத் தொகுப்பு, படத்திருத்தி.
7. உங்கள் ஹோம் கோப்புறை. அமைப்புகள், கேஷ், நீட்சிகள், தானாகத் தொடங்கும் நிரல்கள்.

ஏழாவதை யாரும் ஓர் அடுக்காகக் கணக்கில் எடுப்பதில்லை. புகார்களில் கணிசமானவை அங்கேதான் பிறக்கின்றன. முழுக்க முழுக்க டிஸ்ட்ரோவுக்கே உரியது நான்காவது மட்டும். மற்றவற்றைப் பெரும்பாலும் இருக்கும் இடத்திலேயே மாற்றலாம், புதுப்பிக்கலாம், சோதிக்கலாம்.

## உண்மையில் டிஸ்ட்ரோ தீர்மானிப்பது

வால்பேப்பர், ஐகான், கீழ்ப்பட்டை எல்லாம் முன்னிருப்பு அமைப்புகள். அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். மாற்ற முடியாதது வெளியீட்டுச் சுழற்சி.

டெபியனின் நிலையான பதிப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. முழு ஆதரவு 3 ஆண்டு, அதன்பின் நீள்கால ஆதரவு 2 ஆண்டு. உபுண்டுவின் எல்டிஎஸ் (நீள்கால ஆதரவு) பதிப்பு இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வரும், 5 ஆண்டு ஆதரவு பெறும். இடையில் வரும் உபுண்டு பதிப்புகளுக்கு ஆயுள் 9 மாதம் மட்டுமே. ஃபெடோரா சுமார் ஆறு மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 13 மாதம். ஆர்ச்சுக்குப் பதிப்பு எண்ணே கிடையாது. புதிய பொதிகள் வந்துகொண்டே இருக்கும், எல்லாவற்றையும் சேர்த்தே புதுப்பிக்க வேண்டும், ஒன்றை மட்டும் புதுப்பித்தால் மற்றவை உடையலாம்.

இதன் விளைவு நடைமுறையில் இப்படி: கேடிஇ பிளாஸ்மா 6, 2024 பிப்ரவரியில் வெளியானது. 2023 ஜூனில் வெளியான டெபியன் 12-ல் இருந்தது பிளாஸ்மா 5.27. அடுத்த டெபியன் 2025 ஆகஸ்டில் வரும்வரை அங்கே 5.27-தான். அது குறைபாடு அல்ல. ‘நிலையான’ என்ற சொல்லுக்கு டெபியன் தரும் பொருளே அதுதான். இதை அறியாமல் டெபியனை நிறுவிவிட்டு, புதிய வசதி இல்லையே என்று ஆர்ச்சுக்குப் போய், அங்கே அடிக்கடி வரும் மாற்றங்களால் களைத்துத் திரும்ப டெபியனுக்கு வருவது மிகப் பழகிய சுற்றுப்பாதை. எந்த வேகம் நமக்கு ஒத்துவரும் என்பதை முதலிலேயே முடிவுசெய்துவிட்டால் இந்தச் சுற்று இல்லை.

டிஸ்ட்ரோவாட்ச் தளத்தின் தரவரிசையைப் பார்த்து மாறுகிறவர்களும் உண்டு. ஒரு டிஸ்ட்ரோவைப் பற்றிய பக்கம் அந்தத் தளத்தில் எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதுதான் அந்த எண். எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், எவ்வளவு தரமானது என்பதற்கு அது அளவுகோல் அல்ல.

## புதிதாக நிறுவியது ஏன் பறக்கிறது?

தாவுகிறவர்களை மீண்டும் மீண்டும் ஏமாற்றுவது இந்த அனுபவம்தான். புதிய டிஸ்ட்ரோவை நிறுவியதும் கணினி சுறுசுறுப்பாகிவிட்டது போலிருக்கும். அதற்குக் காரணம் பெரும்பாலும் ஏழாவது அடுக்கு. உலாவியில் நீட்சி எதுவும் இல்லை. உள்நுழைந்ததும் தானாக ஓடும் நிரல்கள் இல்லை. முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியிருந்த எஸ்எஸ்டி காலியாகிவிட்டது. மூன்று மாதம் பயன்படுத்தினால் இதுவும் பழைய நிலைக்கு வரும். அப்போது அடுத்த டிஸ்ட்ரோ கண்ணில் படும்.

நேரெதிரான ஏமாற்றும் உண்டு. கோப்புகளைத் திரும்ப நகலெடுத்த முதல் நாள், கேடிஇ-யில் பலூ என்னும் தேடல் சேவை, க்னோமில் அதன் தேடல் சேவை எல்லாக் கோப்புகளையும் அட்டவணைப்படுத்தும். விசிறி சத்தம் போடும், கணினி சூடாகும். முதல் நாளை வைத்து ‘இது கனமான டிஸ்ட்ரோ’ என்று தீர்ப்பளித்துவிடுகிறார்கள். ஒரு நாள் ஓடவிட்டால் அடங்கிவிடும் விஷயம் அது.

இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை போதும். அதே கணினியில் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதில் உள்நுழைந்து கால் மணி நேரம் வேலை செய்யுங்கள்.

1. புதிய கணக்கில் குறை மறைந்துவிட்டால், பழைய கணக்கின் ஹோமில் ஏதோ கோளாறு. மறைந்திருக்கும் கான்ஃபிக், கேஷ் கோப்புறைகளையும் டெஸ்க்டாப் நீட்சிகளையும் ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றிப் பார்த்தால் ஆள் அகப்படும்.
2. புதிய கணக்கிலும் குறை இருந்தால், அதே டிஸ்ட்ரோவின் லைவ் பென்டிரைவில் (நிறுவாமலே ஓட்டிப் பார்க்க உதவுவது) பூட் செய்து பாருங்கள். அங்கே இல்லையென்றால், நிறுவிய பிறகு நீங்கள் சேர்த்த ஏதோ ஒன்று காரணம்.
3. லைவிலும் இருந்தால் கெர்னல், ஃபர்ம்வேர், டிரைவர் பக்கம் போக வேண்டும். வேறொரு டிஸ்ட்ரோவின் லைவ் பதிப்பில் அது சரியாக வேலை செய்தால், இரண்டின் கெர்னல் எண்ணையும் ஒப்பிடுங்கள். ‘யூநேம் -ஆர்’ என்ற கட்டளை எண்ணைக் காட்டும்.

## தாவலின் செலவு

நிறுவ இருபது நிமிடம் ஆகிறது என்பது உண்மை. கணக்கு அங்கே முடிவதில்லை. அச்சுப்பொறி, தமிழ்99 விசைப்பலகை, எழுத்துருக்கள், காப்புப்பிரதி அட்டவணை, வைஃபை கடவுச்சொற்கள், உலாவி உள்நுழைவுகள் என்று எல்லாம் பழைய நிலைக்கு வர ஒரு வாரம் சிதறிச் சிதறிப் போகும். அதைவிட மோசமானவை தாவலே உண்டாக்கும் புதுக் கோளாறுகள். அவற்றை அடுத்த டிஸ்ட்ரோவின் குறை என்று நினைத்து மறுபடியும் தாவுவார்கள். மூன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம்.

ஸ்வாப் பிரிவின் (நினைவகம் நிரம்பும்போது பயன்படும் வட்டுப் பகுதி) அடையாளம் மாறுவது. ஒரே வட்டில் இரண்டு டிஸ்ட்ரோ வைத்திருக்கிறீர்கள். இரண்டாவதாக டெபியனை நிறுவும்போது, வட்டில் ஏற்கெனவே இருக்கும் ஸ்வாப் பிரிவை அதன் நிறுவி தானாகவே எடுத்துக்கொண்டு புதிதாக வடிவமைக்கும். அப்போது அந்தப் பிரிவின் யூயூஐடி என்னும் அடையாள எண் மாறிவிடும். முதல் டிஸ்ட்ரோவுக்கு இது தெரியாது. அடுத்த முறை அதில் பூட் செய்தால், பழைய எண்ணுள்ள வட்டைத் தேடி ‘ஸ்டார்ட் ஜாப்’ ஒன்று ஓடிக்கொண்டிருப்பதாகச் சொல்லி 1 நிமிடம் 30 விநாடி காத்திருக்கும். இது சிஸ்டம்டியின் வழக்கமான காத்திருப்பு நேரம். ‘பழையது மெதுவாகிவிட்டது’ என்று முதலாவதை அழித்துவிடுகிறார்கள். சரிசெய்யும் முறை:

1. ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ கட்டளையால் ஸ்வாப் பிரிவின் இப்போதைய யூயூஐடியைப் பாருங்கள்.
2. ஈடிசி கோப்புறையில் உள்ள எஃப்எஸ்டேப் கோப்பில் ஸ்வாப் வரியில் பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புதியதை இடுங்கள்.
3. அது டெபியன் அல்லது உபுண்டு குடும்பமானால், ஈடிசி-க்குள் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் கோப்புறையின் கான்ஃப்.டி உட்கோப்புறையில் ‘ரெஸ்யூம்’ என்ற கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலும் அதே திருத்தம். இதை விட்டுவிட்டால் பூட்டின் தொடக்கத்தில் இன்னும் சுமார் அரை நிமிடம் வீணாகும்.
4. ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ’ ஓட்டிவிட்டு மறுதொடக்கம்.

ஹோமைப் பகிர்வது. டிஸ்ட்ரோ மாறினாலும் ஹோம் பிரிவை அப்படியே வைத்துக்கொண்டால் எல்லாம் பத்திரம் என்பது பரவலான அறிவுரை. ஆவணங்களுக்கு அது சரி. அமைப்புக் கோப்புகளுக்கு ஆபத்து. ஆர்ச் போன்ற வேகமான டிஸ்ட்ரோவிலிருந்து டெபியனுக்கு வருகிறீர்கள் என்று வையுங்கள். ஆர்ச்சில் இருந்த ஃபயர்ஃபாக்ஸ் புதியது; டெபியன் தருவது நீள்கால ஆதரவுப் பதிப்பான இஎஸ்ஆர். 2019-ல் வந்த 67-ஆம் பதிப்பு முதல், புதிய ஃபயர்ஃபாக்ஸ் தொட்ட சுயவிவரத்தைப் பழைய ஃபயர்ஃபாக்ஸ் திறக்க மறுக்கும். புதிய சுயவிவரம் உருவாக்கட்டுமா என்று கேட்கும். பதறிப்போய் ஒப்புக்கொண்டால் புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் இல்லாத வெற்று உலாவி திறக்கும். தரவு அழியவில்லை, பழைய சுயவிவரக் கோப்புறையிலேயே இருக்கிறது. ஆனால் அதைத் திறக்கப் புதிய ஃபயர்ஃபாக்ஸ் வேண்டும். க்னோம் நீட்சிகள், பிளாஸ்மாவின் பட்டை அமைப்புகள் ஆகியவற்றிலும் இதே வகைப் பதிப்பு மோதல் வரும். ஒரே ஹோம் பிரிவை இரண்டு டிஸ்ட்ரோவுக்கும் கொடுத்தாலும், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பயனர் பெயர் வைத்து, ஆவணங்கள் கோப்புறையை மட்டும் பகிர்வது பாதுகாப்பானது.

பூட் பதிவுகள். யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த தொடக்க அமைப்பு) உள்ள கணினியில் ஒவ்வொரு டிஸ்ட்ரோவும் இஎஃப்ஐ பிரிவில் தனக்கென ஒரு கோப்புறையையும் மதர்போர்டின் நினைவகத்தில் ஒரு பூட் பதிவையும் எழுதுகிறது. டிஸ்ட்ரோவின் பிரிவை அழித்தால் இவை தானாகப் போகாது. பயாஸ் பட்டியலில் இறந்துபோன பெயர்கள் சேர்ந்துகொண்டே போகும். அவற்றில் ஒன்று முதலிடத்தில் இருந்தால் இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் கிரப் என்னும் பூட்லோடரின் வெற்றுக் கட்டளைத் திரையில் கணினி நிற்கும். ‘இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்’ கருவியால் பதிவுகளைப் பார்த்து நீக்கலாம். மின்ட் தன் கோப்புகளை ‘உபுண்டு’ என்ற பெயரிலேயே இஎஃப்ஐ பிரிவில் எழுதுகிறது. ஆகவே ஒரே வட்டில் உபுண்டுவும் மின்டும் இருந்தால் ஒன்றின் பூட்லோடரை மற்றது மேலெழுதிவிடும். இன்னொன்று: 2021-ல் வந்த கிரப் 2.06 முதல், வட்டில் உள்ள மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. புதிய டிஸ்ட்ரோவை நிறுவியதும் பழையது பூட் பட்டியலில் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பழையது அழிந்துவிட்டது என்று நினைத்து அந்தப் பிரிவை வடிவமைத்துவிடாதீர்கள்.

## இருக்கும் இடத்திலேயே சரிசெய்வது

வன்பொருள் ஒத்துழைக்கவில்லை. புதிய மடிக்கணினி, பழைய கெர்னல் என்பதே வழக்கமான காரணம். டெபியன் 12-ல் கெர்னல் 6.1, நிலையான பதிப்புக்குப் புதிய பொதிகளைத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தைச் சேர்த்தால் அதைவிடப் புதியது கிடைக்கும். உபுண்டு எல்டிஎஸ்-ல் எச்டபிள்யூஇ என்ற கெர்னல் வரிசை இதற்காகவே இருக்கிறது. ஃபெடோரா பதிப்பு மாறாமலே கெர்னலைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும். கெர்னலோடு ஃபர்ம்வேர் பொதியையும் புதுப்பிக்க மறக்க வேண்டாம். பலர் தவறவிடுவது அதைத்தான். டெபியனில் வைஃபை வராது என்ற பழைய பேச்சுக்கு இப்போது அடிப்படை குறைவு: 12-ஆம் பதிப்பு முதல் அதிகாரபூர்வ நிறுவியிலேயே தனியுரிம ஃபர்ம்வேர்கள் சேர்க்கப்பட்டுள்ளன.

என்விடியா உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்தின் டிரைவரை நிறுவியதும், பின்னணியில் கெர்னல் மாட்யூல் (கெர்னலோடு சேரும் டிரைவர் துண்டு) தொகுக்கப்படும். அதற்குச் சில நிமிடம் பிடிக்கும். உடனே மறுதொடக்கம் செய்தால் டிரைவர் ஏறாது, கறுப்புத் திரையோ மங்கலான தெளிவுத்திறனோ வரும். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத நிரல்களைத் தொடக்கத்தில் தடுக்கும் வசதி) இயங்கினால் மாட்யூலுக்கான கையொப்பச் சாவியையும் மறுதொடக்கத்தின்போது வரும் நீலத்திரையில் பதிவுசெய்ய வேண்டும். அந்தத் திரையைக் கவனிக்காமல் கடந்துவிட்டு ‘இந்த டிஸ்ட்ரோவில் என்விடியா ஓடாது’ என்று முடிவுகட்டியவர்கள் ஏராளம். டிஸ்ட்ரோ மாறினால் இந்தச் சாவிப் பதிவை மறுபடி முதலிலிருந்து செய்தாக வேண்டும்.

தோற்றம் சலித்துவிட்டது. வேறு டெஸ்க்டாப் சூழலை அதே டிஸ்ட்ரோவில் நிறுவலாம். உள்நுழைவுத் திரையில் தேர்ந்தெடுக்கலாம். இதில் ஒரு சங்கடம் உண்டு. இரண்டு சூழல்களின் கோப்பு மேலாளர், கடவுச்சொல் பெட்டகம், அமைப்புச் செயலி எல்லாம் பட்டியலில் இரண்டிரண்டாக நிற்கும். ஒன்றின் ஐகான், எழுத்துரு அமைப்பை மற்றது குலைக்கும். அதனால் புதிய சூழலை எப்போதும் தனிப் பயனர் கணக்கில் சோதியுங்கள். பிடிக்காவிட்டால் கணக்கையும் பொதிகளையும் நீக்கினால் போதும்.

செயலி பழையதாக இருக்கிறது. ஃபிளாட்ஹப் தளத்திலிருந்து, எந்த டிஸ்ட்ரோவிலும் ஓடும் ஃபிளாட்பேக் வடிவில் எடுத்தால், கீழே டெபியன் இருந்தாலும் செயலி புதியதாக இருக்கும். ஃபிளாட்பேக் செயலிகளின் தரவு ஹோமுக்குள் ‘.வார்’ என்ற மறைகோப்புறையில் ‘ஆப்’ உட்கோப்புறையில் தனியாக இருக்கும். செய்யக் கூடாதது ஒன்று: வேறொரு டிஸ்ட்ரோவின் களஞ்சியத்தை உங்கள் ஆப்ட் பட்டியலில் சேர்ப்பது. டெபியனில் உபுண்டு பிபிஏ (உபுண்டுவுக்கான தனிநபர் களஞ்சியம்) சேர்த்தால், அன்று ஒரு செயலி கிடைக்கும். அடுத்த பெரிய மேம்படுத்தலில் நூலகங்கள் முட்டிக்கொண்டு நிற்கும்.

பூட் ஆக நேரமாகிறது. ‘சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்’ எந்தச் சேவை எத்தனை விநாடி எடுத்தது என்று பட்டியலிடும். ஆனால் அதில் மேலே இருப்பதெல்லாம் குற்றவாளி இல்லை; பல சேவைகள் இணையாக ஓடுகின்றன. உண்மையில் காக்கவைத்தது எது என்பதை ‘சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிகல்-செயின்’ காட்டும். நெட்வொர்க் கிடைக்கும்வரை காத்திருக்கும் சேவைதான் அடிக்கடி அகப்படும்.

புதுப்பித்ததும் உடைந்துவிட்டது. பழைய கெர்னல் கிரப் பட்டியலில் இன்னும் இருக்கும். அதில் பூட் செய்து பாருங்கள். ‘ஜர்னல்சிடிஎல் -பி -1 -பி எர்’ (journalctl -b -1 -p err) முந்தைய பூட்டின் பிழைகளை மட்டும் காட்டும். மின்ட், உபுண்டு குடும்பத்தில் டைம்ஷிஃப்ட், ஓபன்சூசேயில் ஸ்னாப்பர் என்று பின்னோக்கித் திரும்பும் வசதி இருக்கிறது. டைம்ஷிஃப்டின் பிடிஆர்எஃப்எஸ் (ஒரு வகைக் கோப்பு முறைமை) முறைக்கு உபுண்டு பாணியில் ‘@’, ‘@ஹோம்’ என்ற பெயர்களில் துணைத்தொகுதிகள் வேண்டும். ஃபெடோராவின் இயல்பான அமைப்பில் அந்தப் பெயர்கள் இல்லாததால் அந்த முறை அங்கே வேலை செய்யாது. இது தெரியாமல், பாதுகாப்பு இருப்பதாக நம்பி இருந்துவிடக் கூடாது.

## ஆர்வத்துக்கு வேறு இடம்

புதியதைப் பார்க்கும் ஆசையை அடக்கத் தேவையில்லை. அதை வேலைக் கணினியின் முதன்மை வட்டிலிருந்து தள்ளிவைத்தால் போதும்.

1. மெய்நிகர் கணினி. க்னோம் பாக்ஸஸ் அல்லது விர்ட்-மேனேஜரில் 2 கோர், 4 ஜிபி நினைவகம், 25 ஜிபி வட்டு கொடுத்தால் எந்த டிஸ்ட்ரோவையும் நிறுவிப் பார்க்கலாம். நிறுவும் முறை, பொதி மேலாளர், முன்னிருப்புகள் எல்லாம் தெரிந்துவிடும். வேகத்தையும் பேட்டரியையும் இங்கே மதிப்பிட வேண்டாம். உங்கள் உண்மையான வைஃபையும் கிராஃபிக்ஸும் இதற்குள் வருவதில்லை.
2. லைவ் பென்டிரைவ். வென்டாய் நிறுவிய ஒரே பென்டிரைவில் பல ஐஎஸ்ஓ கோப்புகளைப் போட்டுவைக்கலாம். பார்க்க வேண்டியவை: மூடியை மூடித் திறந்தால் எழுகிறதா, வைஃபை திரும்ப இணைகிறதா, வெளித்திரை, புளூடூத், கேமரா, மைக், கைரேகை உணரி.
3. டிஸ்ட்ரோபாக்ஸ். பாட்மன் அல்லது டாக்கர் என்னும் கன்டெய்னர் மென்பொருள் மேல் ஓடும் கருவி. டெபியனை விட்டு நகராமல் உள்ளே ஓர் ஆர்ச்சை ஓட்டி, அதன் செயலியை உங்கள் மெனுவுக்கு ஏற்றுமதி செய்யலாம். இயல்பாக அது உங்கள் ஹோமையே பகிர்ந்துகொள்ளும். மேலே சொன்ன பதிப்பு மோதல் இங்கும் வரும். உருவாக்கும்போதே தனி ஹோம் கோப்புறையைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

இவற்றோடு ஓர் உரைக்கோப்பு. குறை தோன்றிய தேதி, என்ன செய்யும்போது, பிழைச் செய்தி, எந்த அடுக்கு என்று ஒவ்வொரு வரி. 30 நாள் கழித்துப் பார்த்தால் பாதி வரிகள் ஏதோ ஒரு புதுப்பித்தலில் தீர்ந்திருக்கும். மிச்சம் இருப்பவற்றில் நான்காம் அடுக்கைச் சேர்ந்தவை எத்தனை என்று எண்ணுங்கள். டிஸ்ட்ரோ மாற்றுவதால் உறுதியாகத் தீரக்கூடியவை அவை மட்டுமே.

## மாறியே ஆக வேண்டிய நேரம்

சில காரணங்கள் உண்மையானவை. திட்டமே நின்றுபோவது முதலாவது. ஆர்ச்சை அடித்தளமாகக் கொண்ட ஆன்டர்காஸ் 2019 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 8-ன் ஆயுளைக் குறைப்பதாக 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். 2021 இறுதியோடு அது முடிந்தது. பாதுகாப்புத் திருத்தம் வராத இயங்குதளத்தில் பிடிவாதமாக இருப்பது தவறு.

வன்பொருள் ஆதரவு கைவிடப்படுவது இரண்டாவது. டெபியன் 13 முதல் 32-பிட் இன்டெல் கணினிகளுக்கு நிறுவியும் கெர்னலும் இல்லை. மூன்றாவது, தொழிலுக்குத் தேவையான மென்பொருள் குறிப்பிட்ட டிஸ்ட்ரோவை மட்டும் ஆதரிப்பது. டாவின்ச்சி ரிசால்வ் என்னும் வீடியோ திருத்தி அதிகாரபூர்வமாக ராக்கி லினக்ஸையே குறிப்பிடுகிறது. நான்காவது, உங்கள் வேலையின் வேகமும் வெளியீட்டுச் சுழற்சியும் ஒத்துவராதது. ஆண்டுக்கு ஒருமுறை மேம்படுத்தவே நேரமில்லாதவருக்கு 13 மாத ஆயுளுள்ள டிஸ்ட்ரோ பொருந்தாது.

## அப்போது செய்ய வேண்டியவை

1. நீங்களாக நிறுவிய பொதிகளின் பட்டியலை எடுங்கள். ஆப்ட் குடும்பத்தில் ‘ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்’, ஆர்ச்சில் ‘பேக்மேன் -க்யூக்யூஇ’ (pacman -Qqe). ஃபிளாட்பேக் பட்டியல் தனி.
2. ஹோமை மறைகோப்புறைகளோடு டார் கோப்பாக, அதாவது எல்லாம் அடங்கிய ஒரே கோப்பாகக் கட்டுங்கள். தொலைக்கணினி இணைப்புச் சாவிகள் உள்ள எஸ்எஸ்எச் கோப்புறையை எக்ஸ்ஃபேட் பென்டிரைவில் நேரடியாக நகலெடுத்தால் கோப்பு அனுமதிகள் தொலைந்துபோகும். திரும்ப வைத்ததும் சாவி எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று எஸ்எஸ்எச் மறுக்கும். அப்படி நேர்ந்தால் சாவிக் கோப்புக்கு அனுமதி 600 கொடுங்கள்.
3. ஹோமுக்கு வெளியே இருப்பவற்றை மறக்க வேண்டாம்: ஈடிசி-க்குள் நெட்வொர்க்மேனேஜரின் இணைப்புக் கோப்புகள், நேரப்படி தானாக ஓடும் பணிகளின் கிரான் அட்டவணை, எஃப்எஸ்டேப், வார்-லிப் கோப்புறையில் உள்ள மெய்நிகர் வட்டுகள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இருந்தால் கோப்புறையை நகலெடுப்பது பயன்படாது. முதன்மைப் பதிப்பு எண் மாறினால் திறக்காது. பிஜி-டம்ப் கொண்டு உரையாக வெளியே எடுங்கள்.
4. இரண்டடுக்குச் சரிபார்ப்புச் செயலி கணினியில் இருந்தால் அதன் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதுங்கள்.
5. டார் கோப்பை வேறொரு கணினியிலோ லைவ் சூழலிலோ விரித்து, ஓர் ஆவணமும் ஒரு சாவிக் கோப்பும் திறக்கின்றனவா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் வட்டை வடிவமைக்க வேண்டாம்.
6. முடிந்தால் பழைய வட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிய எஸ்எஸ்டியில் நிறுவுங்கள். ஒரு மாதம் வரை பழையதைத் தொடாதீர்கள்.
7. புதியதில் ஆவணங்களை முதலில் கொண்டுவாருங்கள். மறைகோப்புறைகளில் உலாவிச் சுயவிவரம், எஸ்எஸ்எச், ஜிஎன்யூபிஜி (மறையாக்கச் சாவிகள்) ஆகியவற்றை மட்டும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். சுயவிவரத்தை வைப்பதற்கு முன் புதிய டிஸ்ட்ரோவின் ஃபயர்ஃபாக்ஸ் பழையதைவிட எண்ணில் குறைந்ததா என்று பார்த்துவிடுங்கள். குறைந்தது என்றால் முதலில் ஃபிளாட்பேக் பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள்.